மஞ்சள் தொண்டைச் சிட்டும் கிருஷ்ணகிரியின் பொந்து மரங்களும்

சிட்டுக்குருவிக்காகக் கவலைப்படுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. 2010 முதல் ஆண்டுதோறும் மார்ச் 20 அன்று அதற்கென்று ஒரு நாள் கொண்டாடுகிறோம். பள்ளிப் பிள்ளைகள் அட்டைப்பெட்டியில் கூடு செய்து வாசலில் தொங்கவிடுகிறார்கள். செல்பேசிக் கோபுரம்தான் குருவியைக் கொன்றது என்று டீக்கடையில் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் 2020இல் வெளிவந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நாட்டளவில் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை பெரும்பாலும் நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் சரிந்திருக்கிறது, கோபுரத்தைக் குற்றம் சொல்லச் சான்று போதாது என்றது. அந்தச் செய்தி கோபுரக் கதை போன வேகத்தில் போகவில்லை.

இத்தனை பரிவும் வீட்டுச் சிட்டுக்குருவி ஒன்றுக்கே போய்ச் சேர்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு சிட்டு, ஓசூர்ப் பக்கத்துப் புளியமரங்களிலும் கிருஷ்ணகிரியின் மாந்தோப்புகளிலும் நம் தலைக்கு மேலேயே வாழ்கிறது. மஞ்சள் தொண்டைச் சிட்டு என்பது அதன் பெயர். ஊரில் பலருக்கு அதுவும் ‘குருவி’தான். அது பிழைப்பதற்கு அட்டைப்பெட்டி உதவாது, பழைய மரம் வேண்டும். தொழிற்சாலை வந்ததால் பறவை போயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

முதலில் பறவையைப் பார்த்துவிடுவோம். அலகு நுனியிலிருந்து வால் நுனிவரை 13 அல்லது 14 சென்டிமீட்டர். எடை 20 கிராமுக்குள்தான். வீட்டுச் சிட்டுக்குருவியைவிட ஒல்லி. முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. வீட்டுக்குருவியின் முதுகில் ஓடும் கறுப்புக் கோடுகள் இதற்கு இல்லை. தூரத்தில் வைத்தே பிரித்தறிய இந்த ஓர் அடையாளமே போதும். ஆணின் தோளில் செங்காவி நிறத் திட்டு, அதன் கீழே தெளிவான வெள்ளைப் பட்டை, அதற்கும் கீழே மங்கலாக இன்னொன்று. தொண்டைக்குக் கீழே, கழுத்து மார்போடு சேரும் இடத்தில், மஞ்சள் குழைத்து விரலால் ஒற்றி வைத்ததுபோல் ஒரு சின்னப் பொட்டு. அந்தப் பொட்டைத் தேடிக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புவார்கள். பறவை தலையைத் தாழ்த்தினாலே அது மறைந்துவிடும். பெண்ணிடம் மிக மங்கலாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. தோளின் செங்காவியையும் சிறகின் வெள்ளைப் பட்டையையும் பார்ப்பதே உத்தமம். அலகு வீட்டுக்குருவியின் அலகைவிட மெலிந்து நீண்டது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அலகு கன்னங்கரேலென்று மாறும், மற்ற மாதங்களில் வெளிறிக் கிடக்கும்.

குரலிலும் வேறுபாடு உண்டு. வீட்டுக்குருவியின் இரைச்சலில் இருக்கும் கரகரப்பு இதில் இல்லை. அதே ‘சிலிப், சலப்’தான், ஆனால் இனிமையான தொனி, சில சமயம் மூன்று நான்கு சத்தங்களைக் கோத்து மரத்தின் உச்சியிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லும். வெயில் ஏறிய பிறகும் விடாது. பறக்கும்போது அலை அலையாக ஏறி இறங்கும். வீட்டுக்குருவி மனிதனையும் தரையையும் நம்பி வாழ்வது. இது மரத்தை நம்பி வாழ்வது. இரைக்காகத் தரைக்கு வரும், வேலை முடிந்ததும் மரத்துக்கே திரும்பும்.

அறிவியலுக்கு இந்தப் பறவை அறிமுகமானது 1838இல். எட்வர்டு பர்ட்டன் என்பவர், இங்கிலாந்தின் சாத்தம் நகரத்து ஃபோர்ட் பிட் இராணுவ மருத்துவ அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பட்டியல் தயாரித்தபோது இதற்கும் பெயரிட்டார். காலனிகளில் பணிபுரிந்த படை மருத்துவர்கள் சேகரித்து அனுப்பிய தோல்களே அத்தகைய தொகுப்புகளை நிரப்பின. ஜிம்னோரிஸ் என்ற இதன் பேரினத்தில் மொத்தம் நான்கு இனங்கள்தான் உள்ளன. மற்ற மூன்றும் ஆப்பிரிக்காவில் வாழ்கின்றன. ஆக, நம் மாந்தோப்பில் உட்கார்ந்திருக்கும் இந்தக் குருவியின் நெருங்கிய உறவுகள் எல்லாம் அரபிக் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. நம் நாட்டில் இந்தப் பேரினத்துக்கு இது ஒன்றே வாரிசு.

இந்தியப் பறவையியலின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு. பம்பாயில், பத்து வயதை ஒட்டிய ஒரு சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டான். எடுத்துப் பார்த்தால் தொண்டையில் மஞ்சள் கறை. இது என்ன குருவி என்று மாமா அமிருதீன் தயாப்ஜியிடம் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் டபிள்யூ. எஸ். மில்லார்டிடம் சிறுவனை அனுப்பிவைத்தார். மில்லார்டு பறவையின் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகள் அடுக்கிய இழுப்பறைகளைத் திறந்து காட்டினார். அந்தச் சிறுவன்தான் 1896இல் பிறந்த சாலிம் அலி. 1985இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றுக்கு ‘தி ஃபால் ஆஃப் எ ஸ்பேரோ’ என்று அவர் வைத்த தலைப்பு இந்தக் குருவியைச் சொல்வதே. அவரைப் பற்றிய கட்டுரைகள் பலவற்றில் வீட்டுச் சிட்டுக்குருவியின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். நூறாண்டு கழித்தும் அடையாளக் குழப்பம் தீரவில்லை.

இது வலசை போகும் பறவையா என்றால், இடத்தைப் பொறுத்தது. துருக்கியின் தென்கிழக்கு மூலை, ஈராக், ஈரான், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், பாகிஸ்தான் ஆகிய இடங்களில் இனப்பெருக்கம் செய்யும் கிளையினம் ஒன்று உண்டு. நிறம் சற்று வெளிறியது. 1904இல் எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட் அதைத் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். வளைகுடா நாடுகளில் அது கோடைக்காலப் பறவை. பேரீச்சந் தோப்புகளிலும் தோட்டங்களிலும் குஞ்சு பொரித்துவிட்டு, கோடை முடிகையில் இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. நம் ஆட்கள் தாங்க முடியாமல் தவிக்கும் வளைகுடா வெயிலில்தான் அதற்குக் குடும்பம் நடத்தத் தோன்றுகிறது என்பது வேடிக்கைதான்.

தீபகற்பத்தில் வாழும் கிளையினம் அப்படிக் கடல் தாண்டுவதில்லை. அதற்காக ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டும் இருப்பதில்லை. மழை, விதை, பூ, பொந்து ஆகிய நான்கும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கே நகரும் உள்ளூர் வலசை அதனுடையது. கூடு கட்டும் மாதங்களில் இணை இணையாகப் பிரிந்து மரக்காடுகளில் இருக்கும். மற்ற மாதங்களில் கூட்டமாகச் சேர்ந்து வயல்வெளிக்கு வரும், வீட்டுக்குருவிகளோடு கலந்துவிடும். நேற்றுவரை இல்லாத இடத்தில் திடீரென்று ஐம்பது அறுபது பறவைகள் இறங்குவதும், சில வாரங்களில் ஒன்றுகூட இல்லாமல் போவதும் இதனால்தான். ஒரு தோப்பை ஒருமுறை பார்த்துவிட்டு ‘இருக்கிறது’, ‘இல்லை’ என்று எழுதும் கணக்கெடுப்புகள் இந்தப் பறவையிடம் செல்லாது.

இந்த நகர்வுக்கு ஏற்ற நிலம் கிருஷ்ணகிரி மாவட்டம். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்த இந்த மாவட்டம் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஓசூரும் தளியும் மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளன. சூளகிரி வழியாகக் கீழே இறங்கினால் கிருஷ்ணகிரி 500 மீட்டர் அளவில். மேலே மானாவாரிக் கேழ்வரகும் கொள்ளும் அவரையும். கீழே காவேரிப்பட்டணம், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு. இரண்டுக்கும் நடுவே கருங்கல் குன்றுகள், அவற்றின் சரிவில் முட்புதர். தெற்கே தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி தாண்டினால் மேலகிரி மலைகளின் இலையுதிர் காடு. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் அங்கே 500 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கிறது. யானைக்காகப் பேசப்படும் காடு அது. இந்தச் சின்னப் பறவைக்கு அடர்காடு தேவையில்லை. காட்டின் ஓரமும் வயலின் ஓரமும் சந்திக்கும் இடம்தான் அதன் உண்மையான வீடு. அந்த ஓரங்கள் கிருஷ்ணகிரியில் நிறைய உண்டு.

ஆண்டின் போக்கில் இதைப் பின்தொடர்ந்தால் அதன் பிழைப்பு விளங்கும். கேழ்வரகு அறுவடை முடியும் மார்கழி, தை மாதங்களில் தளி, கெலமங்கலம் சாலைகளில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: கதிரையும் கொள்ளுச் செடியையும் தார்ச்சாலை மேலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகளின் சக்கரம் கூலி வாங்காமல் போரடித்துக் கொடுக்கும். இருசக்கர வாகனக்காரர்களுக்கு அது பெரும் தொல்லை, பறவைகளுக்கோ விருந்து. வீட்டுக்குருவி, சில்லை, புறா எல்லாம் இறங்கும். அந்தக் கூட்டத்தில் முதுகில் கோடில்லாத ஒல்லிக் குருவிகளும் இருக்கும். வண்டி வந்தால் வீட்டுக்குருவிகள் அருகிலுள்ள வேலிக்கோ கூரைக்கோ தாவும். இவை நேரே மரத்து உச்சிக்கு ஏறிவிடும்.

மாசி பிறந்ததும் கவனம் பூக்களுக்குத் திரும்புகிறது. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும் முள்ளிலவு மரத்தில் சிவப்புப் பூ, குன்றுச் சரிவில் புரசம்பூ, பிறகு கோயில் ஓரத்து இலுப்பை. தானியம் கொத்தும் பறவை என்று நாம் வகுத்து வைத்திருக்கும் இந்தச் சிட்டு, பூவுக்குள் தலையை நுழைத்துத் தேன் குடிக்கிறது. நெற்றியில் மகரந்தம் அப்பிக்கொள்ளும். அப்படியே அடுத்த மரத்துக்குப் போகும். சாலிம் அலி 1932இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில், இந்தியாவில் பூக்களை நாடும் பறவைகளையும் பறவைகளை நாடும் பூக்களையும் பற்றி விரிவாக எழுதினார். தேன்சிட்டுக்கு மட்டுமே உரியது என்று நினைக்கப்படும் வேலையில் மைனா, காகம், கரிச்சான் முதலிய பல பறவைகளும் பங்கெடுக்கின்றன. நம் குருவியும் அந்த வரிசையில் வருகிறது. கூம்பு அலகு கொண்ட உறவினர்களைவிட இதன் அலகு மெலிந்து நீண்டிருப்பது இந்தத் தொழிலுக்கு வசதிதான்.

பூக்காலம் முடிவதற்குள் கூடு கட்டும் வேலை தொடங்கிவிடும். தென்னிந்தியாவில் பிப்ரவரியிலிருந்து மே வரை, வடக்கே ஏப்ரலிலிருந்து ஜூலை வரை. தேவை ஒரு பொந்து. இதற்குப் பொந்து குடையத் தெரியாது; அலகில் அந்த வலு கிடையாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து, ஒரு பருவம் குடியிருந்து, விட்டுப்போன பொந்தைத் தேடிப் பிடிக்கும். இல்லையென்றால் கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி அழுகி உண்டான ஓட்டை. எப்போதாவது சுவரில் உள்ள துளை. உள்ளே புல், முடி, இறகு எல்லாம் திணித்து மெத்தை போட்டு மூன்று அல்லது நான்கு முட்டை இடும். முட்டை பசுமை கலந்த வெண்ணிறம். மேலெல்லாம் பழுப்புத் தீற்றல். இரு வாரத்துக்குள் குஞ்சு பொரிந்துவிடும். குஞ்சுகளுக்குத் தானியம் சேராது. புழுவும் பூச்சியும்தான் ஊட்ட வேண்டும். மே, ஜூன் மாதக் கோடை மழையில் புல் தலையெடுக்கும் நேரத்தில் குஞ்சுகள் தாமாக இரை தேடக் கற்றிருக்கும்.

பொந்துக்குப் போட்டி கடுமை. பச்சைக்கிளி, மைனா, புள்ளி ஆந்தை, வீட்டுக்குருவி எல்லாருக்கும் பொந்து வேண்டும். செம்மார்புக் குக்குறுவான் குடையும் ஓட்டை சிறியது, கிளியால் உள்ளே நுழைய முடியாது. அதனால்தான் அந்தக் குக்குறுவான் ஒரு மாந்தோப்பில் இருப்பது நம் குருவிக்கு முக்கியமாகிறது. குக்குறுவானுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: பட்டுப்போன மென்மையான கிளையில்தான் அது குடையும். ஆக, ஒரு மரத்தில் பட்டுப்போன கிளை இல்லையென்றால் குக்குறுவான் இல்லை; அது இல்லையென்றால் இந்தச் சிட்டுக்கும் அங்கே இடமில்லை.

இனி தொழிற்சாலைக்கு வருவோம். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது 1970களில். அடுத்த பத்தாண்டில் இருசக்கர வாகனம், லாரி, கைக்கடிகாரம் என்று பெரிய ஆலைகள் வந்தன. 2021க்குப் பிறகு போச்சம்பள்ளியில் மின் ஸ்கூட்டர், கெலமங்கலம் பக்கம் செல்பேசி உதிரிபாகம். பெங்களூரின் நிழல் எல்லையைத் தாண்டி விழுந்து, ஓசூர் இப்போது அதன் புறநகர்போல் ஆகிவிட்டது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைக்கு வந்துசேரும் நுரையைச் செய்திகளில் பார்க்கிறோம். இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி இந்தக் குருவியின் தலையில் வைத்துவிடலாம். ஆனால் அது சரியான கணக்கு ஆகாது. நீர்ப்பறவைகளுக்கு நுரை நேரடிச் சிக்கல். பொந்துப் பறவைக்கோ ஆலையின் சுற்றுச்சுவரைவிட, அந்தச் சுவர் வரும்முன் அங்கே நின்ற புளியமரம் என்ன ஆயிற்று என்பதே கேள்வி. பழைய மரங்களை விட்டுவைத்த ஆலை வளாகத்தில் பறவைகள் நிம்மதியாக இருப்பதுண்டு. உள்ளே ஆடுமாடு வராது, கல்லெறியும் பிள்ளைகளும் வரமாட்டார்கள்.

ஆலையைவிடப் பெரிய மாற்றங்கள் சத்தமில்லாமல் நடந்தவை. பெங்களூரு நெடுஞ்சாலை நான்கு வழியாகி, ஆறு வழியாகும் போக்கில் சாலையோரப் புளியமரங்கள் போயின. நூறாண்டு வயது மரத்தில் பொந்து பத்து இருக்கும்; ஒரே நாளில் அத்தனையும் மண்ணில் சாய்ந்துவிடும். மேட்டு நிலத்தில் கேழ்வரகும் சாமையும் விதைத்த இடங்களில் இப்போது ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக்குடில்கள். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகும் ஓசூர் ரோஜா அந்தப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே விளைகிறது. அதில் பறவைக்குச் சிந்துகிற விதை கிடையாது, பூச்சியும் கிடையாது. வரப்பு மரங்களின் நிழல் விழும் என்பதால் அவையும் போய்விடுகின்றன. தரிசாகப் போன இடங்களில் தைலமரம் நட்டார்கள். சில ஆண்டுக்கொருமுறை அதை அடியோடு வெட்டி விற்பதே வழக்கம் என்பதால், பொந்து விழும் வயது அந்த மரத்துக்கு வருவதே இல்லை.

மாந்தோப்பு வேறு கதை. தமிழ்நாட்டில் மாம்பழத்துக்கு முதலிடம் கிருஷ்ணகிரிதான். அதில் பெரும்பங்கு கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா வகை. வயதான மாமரங்கள் இந்தப் பறவைக்கு நல்ல புகலிடம், ஒரு சிக்கலைத் தவிர. மாம்பூ பூக்கும் தை, மாசியில் தத்துப்பூச்சிக்கு எதிராக மருந்து அடிக்கிறார்கள். அதற்கடுத்த வாரங்களில்தான் குஞ்சுகளுக்குப் புழு தேடிப் பறவைகள் அலைகின்றன. விலை சரிந்த ஆண்டுகளில் தோப்பையே அழித்து மனை போடுகிறவர்களும் உண்டு. மாம்பழத்தின் விலையும் ஒரு பறவையின் இனப்பெருக்கமும் இப்படித் தொடர்புபட்டிருக்கின்றன. தோப்புக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. கிலோவுக்கு அவருக்குக் கிடைப்பது பறிப்புக் கூலிக்குக்கூடப் போதாத ஆண்டுகளை அவர் பார்த்திருக்கிறார்.

அரசு மரம் நடுகிறது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் பசுமைப் பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக வைத்திருக்கிறது. நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கணக்கில் வருவது நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. இன்று நட்ட புங்கனோ வேம்போ பொந்து தாங்கும் பருமனுக்கு வர முப்பது நாற்பது ஆண்டாகலாம். சாலைக்காக ஒரு முதிய புளியை வெட்டி, அதற்கு ஈடாகப் பத்துக் கன்று நட்டோம் என்பது பசுமைக் கணக்கில் சரியாக வரும். பொந்துக் கணக்கில் அடுத்த தலைமுறைவரை பூஜ்யம்தான்.

ஓசூரை ஒட்டி மத்திகிரியில் 1824இல் தொடங்கிய கால்நடைப் பண்ணை இருக்கிறது. 1600 ஏக்கருக்கு மேல் புல்வெளியும் மரவரிசைகளும். சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிய பிறகும் அந்தப் பரப்பு பெரிதும் அப்படியே நிற்பது, மாட்டுக்காக ஒதுக்கிய நிலத்தால் பறவைகளுக்குக் கிடைத்த எதிர்பாராத லாபம். திட்டமிட்டு யாரும் பறவைக்காக விடவில்லை. ஏரிக்கரைப் பனைகளும் கோயில் இலுப்பைகளும் அப்படித்தான், வேறு காரணத்துக்காகப் பிழைத்தவை.

பட்டுப்போன கிளையை யார் விட்டுவைக்க முடியும் என்பதுதான் நடைமுறைக் கேள்வி. தோப்புக்காரரிடம் கேட்க முடியாது. அறுவடைக்குப் பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்யும்போது காய்ந்த கிளைகளை எடுத்துவிடச் சொல்வது வேளாண் துறையின் பரிந்துரை. தண்டுத்துளைப்பான் அங்கேதான் குடியேறும். கூடு காலம் முடிந்த பிறகு நடப்பதால் அந்த வெட்டு குஞ்சுகளையாவது பாதிப்பதில்லை. மின்கம்பிக்கு மேலும் பள்ளிக்கூடத்துக்கு மேலும் நிற்கும் கிளையை விடச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் சிப்காட் சாலைகளின் ஓரம், ஆலை வளாகங்களின் பின்புறம், ஏரிக்கரை, பொதுப்பணித்துறை நிலம் ஆகிய இடங்களில் காய்ந்த கிளையால் யாருக்கும் பயிர் நட்டம் கிடையாது. அங்கே அதை வெட்டுவதற்கு ஒரே காரணம், தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘காய்ந்த கிளைகளை அகற்றுதல்’ என்று ஒரு வரி இருப்பதுதான். ஆட்கள் மீது விழ வாய்ப்புள்ள கிளைகளை மட்டும் அகற்றினால் போதும் என்று அந்த வரியைத் திருத்த அரசாணை எதுவும் வேண்டியதில்லை. ஆலையின் நிர்வாக அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டாலே முடிந்துவிடும்.